கரண்ட் போய் வந்ததிலிருந்து டெஸ்க்டாப் ஆன் ஆகவில்லை: எங்கிருந்து பார்ப்பது?

ரங்கூன் தாம்வேயில் டைப்பிங், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ என்று சின்னக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது. ராத்திரி கரண்ட் போய் விடியற்காலையில் வந்திருக்கிறது. காலையில் பவர் பட்டனை அழுத்தினால் டெஸ்க்டாப்பில் சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. பக்கத்து ரிப்பேர்க்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பவர் சப்ளை போச்சு, மதர்போர்டும் போயிருக்கும், புதுசா வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சொல்வது சரியா, உள்ளே இருக்கும் கடைக் கணக்கும் போய்விட்டதா என்று கேட்கிறார்.

கணக்கு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், தூக்கம் கெடுவது அதனால்தான். ஃபைல்கள் ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்எஸ்டியிலோ இருக்கின்றன. பவர் சப்ளை (சுவர்க் கரண்டை மிஷினுக்கு வேண்டிய குறைந்த வோல்ட்டாக மாற்றும் பெட்டி) போனாலும் மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் குத்தியிருக்கும் பெரிய பலகை) போனாலும் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு மிஷினில் போட்டுப் படித்துவிடலாம். பெரிய மின்வீச்சில் டிஸ்க்கும் சேர்ந்து போவது உண்டு, ஆனால் அது அடிக்கடி நடப்பதில்லை. அதனால் இன்று எதையும் அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

ரிப்பேர்க்காரர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். நம் ஊர் கரண்டுக்கு பவர் சப்ளை போவது சகஜம். ஆனால் மீட்டர் வைக்காமல், ஒரு வயரைக்கூடக் கழற்றாமல் சொன்னால் அது வெறும் ஊகம்தான். அந்த ஊகத்துக்கு நீங்கள் ஏன் காசு கொடுக்க வேண்டும்? சுவரிலிருந்து தொடங்கி உள்ளே போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

அதற்கு முன் ஒன்று. "ஆன் ஆகவில்லை" என்று எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள், ஆனால் அதற்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. ஃபேன்கூட அசையாமல் மொத்தமாகச் செத்துக் கிடப்பது ஒன்று. ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றுவிடுவது, அல்லது சுற்றி நின்று சுற்றி நின்று கொண்டிருப்பது இன்னொன்று. ஃபேன் ஓடுகிறது, லைட்டும் எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்பது மூன்றாவது. மூன்றாவது நோய்க்குப் பவர் சப்ளையை மாற்றிவிட்டு, அப்புறமும் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நிறையப் பேர். நீங்கள் சொல்வது முதல் வகை. அதை விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

சுவரில் உள்ள பிளக் பாயின்டில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க எல்லோரும் போன் சார்ஜரைத்தான் மாட்டுகிறார்கள். போன் சார்ஜ் ஆனால் லைன் சரி என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தச் சோதனை உங்களுக்கு உதவாது. போன் சார்ஜர் 100 வோல்ட் முதல் 240 வரை எதிலும் ஓடும். எல்இடி பல்புகளில் பலவும் அப்படித்தான், குறைந்த வோல்டேஜிலும் எரியும். உங்கள் லைனில் 230க்குப் பதில் 140தான் வருகிறது என்றால் சார்ஜர் அதைக் காட்டிக்கொடுக்காது. டேபிள் ஃபேனை மாட்டிப் பாருங்கள், மெதுவாகச் சுற்றினால் வோல்டேஜ் குறைவு என்று உடனே தெரிந்துவிடும். அதைவிட நல்லது ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைப்பது. சாதாரணமானது போதும், கடையில் கம்ப்யூட்டர் இருக்கிறவரைக்கும் அது பயன்படும். ஏசி வோல்ட்டில் பெரிய ரேஞ்சுக்குத் திருகி, முனைகளின் பிளாஸ்டிக் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

வோல்டேஜ் குறைவது ஏன் முக்கியம் என்றால், பவர் சப்ளையில் இரண்டு ஜாதி உண்டு. மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் 100-240 என்று போட்டிருந்தால், லைன் 150க்கு இறங்கினாலும் அது சமாளித்துக்கொள்ளும். 200-240 என்று மட்டும் போட்டிருக்கும் மலிவான யூனிட், லைன் இறங்கினால் எழுந்திருக்காது. அது கெட்டுப்போகவில்லை, அதற்கு வேண்டியது வரவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் பக்கத்து வீடுகளில் எல்லாம் சமையல் நடக்கும் நேரத்தில் ஆன் ஆகாமல், நடு ராத்திரியில் ஆன் ஆகிற கம்ப்யூட்டர் பெரும்பாலும் இந்த ஜாதிதான்.

பழைய பவர் சப்ளைகளில் பின்பக்கம் 115, 230 என்று மாற்றும் சின்ன சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். அது 230இல்தான் இருக்க வேண்டும். வோல்டேஜ் குறைவாக வருகிறதே என்று 115க்குத் தள்ளிவிடலாம் என்ற யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முழு கரண்ட் வந்ததும் 'டொப்' என்ற சத்தத்தோடு கதை முடிந்துவிடும்.

அடுத்தது ஸ்டெப்-அப் பெட்டி, அதாவது குறைந்து வரும் வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் பெட்டி. ரங்கூனில் பல வீடுகளிலும் கடைகளிலும் சுவருக்கும் மிஷினுக்கும் நடுவில் இது உட்கார்ந்திருக்கும். கையால் திருகும் வகை என்றால், ராத்திரி வோல்டேஜ் இறங்கியிருந்தபோது மேலே ஏற்றி வைத்தது அப்படியே இருந்திருக்கலாம். 160ஐ 220 ஆக்க வைத்த அதே இடத்தில், விடியற்காலையில் முழு 230 வந்தால் வெளியே 300க்கு மேல் போகும். 230 × 220 ÷ 160 என்று கணக்குப் போட்டால் 316 வரும். உங்கள் கேஸில் எனக்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான். பெட்டியின் முள் எங்கே நிற்கிறது, திருகு எந்த இடத்தில் இருக்கிறது என்று தொடாமல் பாருங்கள். அதே லைனில் இருந்த மற்ற சாமான்கள், அதாவது மானிட்டர், பிரின்டர், வைஃபை ரவுட்டர் எல்லாம் உயிரோடு இருக்கின்றனவா என்றும் பாருங்கள். எல்லாம் ஒன்றாகப் போயிருந்தால் கம்ப்யூட்டரைக் குடைவதில் அர்த்தமில்லை, பிரச்சினை லைனில். கட்டிடம் முழுவதும் பல வீடுகளில் டிவி, ஃபிரிட்ஜ் என்று ஒரே நேரத்தில் போயிருந்தால் நியூட்ரல் வயர் விட்டுப்போயிருக்கலாம். அப்போது ஒரு வீட்டு லைனுக்கே 400 வோல்ட்டை ஒட்டி வந்துவிடும். அதைச் சரிசெய்யாமல் புது சாமானை மாட்டினால் அதுவும் போகும்.

யூபிஎஸ், இன்வெர்ட்டர் இருந்தால் அவற்றை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் மாட்டிப் பாருங்கள். பேட்டரி செத்த மலிவான யூபிஎஸ் சில, லைனில் கரண்ட் இருந்தாலும் ஆன் ஆகாது, உள்ளதையும் வெளியே விடாது. ஈய-அமில பேட்டரி நல்ல நிலைமையில் மூன்று முதல் ஐந்து வருஷம் உழைக்கும். நம் ஊரில் தினமும் மணிக்கணக்கில் இறக்கி, சித்திரை வெயிலில் மறுபடி ஏற்றுகிறோம். அது அத்தனை நாள் தாங்குமா? ஜெனரேட்டருக்கும் லைனுக்கும் மாற்றும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் நடுவில் நிற்கிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். சிரிக்க வேண்டாம், ராத்திரி அவசரத்தில் பாதி தள்ளிவிட்டுப் போய்ப் படுத்தவர்கள் உண்டு.

கம்ப்யூட்டருக்குப் போகும் பவர் கேபிளும் மானிட்டருக்குப் போவதும் பெரும்பாலும் ஒரே வகை. இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். மானிட்டர் எரிந்து கம்ப்யூட்டர் எரியவில்லை என்றால் கேபிளும் சாக்கெட்டும் தப்பித்தன. மிஷின் பின்பக்கம் கேபிள் நுழையும் இடத்துக்கு அருகில் ஒரு ராக்கர் ஸ்விட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் அமுங்கியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். கடையைப் பெருக்கித் துடைத்த அன்று கை பட்டு அது ஆஃப் ஆகியிருக்கும்.

சரி, சுவர்ப் பக்கம் எல்லாம் சுத்தம். இன்னும் பெட்டியைத் திறக்க வேண்டாம். பவர் கேபிளைப் பிடுங்குங்கள். பென் டிரைவ், பிரின்டர், லேன் கேபிள், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கேபிள் இல்லாமல் எதற்கு அழுத்துவது என்று தோன்றும், காரணம் இருக்கிறது. பவர் சப்ளைக்குள் பாதுகாப்புச் சுற்று ஒன்று உண்டு. வோல்டேஜ் துள்ளும்போதோ எங்காவது ஷார்ட் ஆகும்போதோ அது பூட்டிக்கொள்ளும், உள்ளே தேங்கிய மின்சாரம் முழுவதும் வடியும்வரை அந்தப் பூட்டு திறக்காது. பட்டனை அழுத்துவது அதை வடிய வைக்கத்தான். பத்து நிமிடம் அப்படியே விட்டு, பவர் கேபிளை மட்டும் மாட்டி, வேறு எதையும் மாட்டாமல் பட்டனை அழுத்துங்கள். கரண்ட் போய் வந்ததும் 'செத்துப்போன' மிஷின்களில் ஒரு பகுதி இதிலேயே எழுந்துவிடும். அதன் பிறகு சாமான்களை ஒவ்வொன்றாக மாட்டும்போது மறுபடி நின்றுவிட்டால், கடைசியாக மாட்டியதுதான் குற்றவாளி. முன்பக்க யூஎஸ்பி துளைக்குள் உலோகத் தகடு வளைந்து ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் இப்படி நடக்கும். அதனால் டார்ச் அடித்து அந்தத் துளைகளையும் பாருங்கள்.

இதிலும் அசையவில்லை என்றால் பக்கத்து மூடியைத் திறக்கலாம். கேபிளைப் பிடுங்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும். பவர் சப்ளை என்ற அந்த உலோகப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். அதற்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் டிசி நின்றுகொண்டிருக்கும், கேபிளைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். ஆளைக் கொல்ல அது போதும்.

மூடியைத் திறந்ததும் முதலில் கண்ணும் மூக்கும்தான் கருவி. கருகின வாசனை இருக்கிறதா? மதர்போர்டில் உருளையாக நிற்கும் கப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, பழுப்பாக ஏதாவது கசிந்திருக்கிறதா? நம் மழைக்காலத்தில், வைகாசி முதல் ஐப்பசி வரை, வெளியே நனையாமல் இருக்க எறும்பும் கரப்பானும் பல்லியும் தேடி வரும் கதகதப்பான இடம் உங்கள் பவர் சப்ளைதான். காற்றுத் துளை வழியாகப் பார்த்தாலே சில நேரம் குற்றவாளி மல்லாந்து கிடப்பது தெரியும். எலி கடித்த வயரையும் தேடுங்கள்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். இன்றைய டெஸ்க்டாப்களின் மதர்போர்டும் பவர் சப்ளையும் பின்பற்றும் ஏடிஎக்ஸ் என்ற அமைப்பை இன்டெல் 1995இல் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய மிஷின்களில் பவர் ஸ்விட்ச் நேராக மெயின் கரண்டையே வெட்டி ஒட்டும். இப்போதைய பட்டன் அப்படியில்லை, அது மதர்போர்டிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறது. மதர்போர்டு அதைக் கேட்டுப் பவர் சப்ளைக்கு உத்தரவு போடுகிறது. அந்த உத்தரவைப் போட மதர்போர்டுக்குக் கொஞ்சம் கரண்ட் முன்கூட்டியே வேண்டுமே! அதற்காக, மிஷின் ஆஃபில் இருக்கும்போதும் 5 வோல்ட் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கொண்டுவருவது ஊதா நிற வயர். எல்லோரும் தூங்கும்போது விழித்திருக்கும் வாட்ச்மேன் மாதிரி அது. உத்தரவு போகும் வயர் பச்சை. எல்லாம் சீராகிவிட்டது என்று பவர் சப்ளை திருப்பிச் சொல்லும் வயர் சாம்பல். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு எர்த்.

இதில் ஊதா, பச்சை என்ற இரண்டு வயரும் சேர்ந்து உங்கள் ரிப்பேர்க்காரர் சொன்னது நிஜமா என்று சொல்லிவிடும். மதர்போர்டில் குத்தியிருக்கும் 24 பின் கொண்ட பெரிய கனெக்டரைக் கழற்ற வேண்டாம். சுவரில் கேபிளை மாட்டி, மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கனெக்டரின் பின்பக்கமாகக் கறுப்பு வயர் ஓட்டையிலும், சிவப்பு முனையை ஊதா ஓட்டையிலும் வையுங்கள். இங்கே எல்லாமே குறைந்த வோல்ட், ஷாக் அடிக்காது. முனைகள் பக்கத்து பின்னைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஊதாவில் 4.75க்கும் 5.25க்கும் நடுவில் வந்தால் வாட்ச்மேன் விழித்திருக்கிறார். அங்கே எதுவும் வராமல் இருந்தால் 24 பின் கனெக்டரையும் மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தனியாக அளந்து பாருங்கள். தனியாகவும் வரவில்லை என்றால் பவர் சப்ளை போய்விட்டது, ரிப்பேர்க்காரரின் ஊகம் பலித்தது. தனியாக வருகிறது, மதர்போர்டில் மாட்டினால் மட்டும் விழுந்துவிடுகிறது என்றால் மதர்போர்டில் எங்கோ ஷார்ட்.

ஊதா சரியாக இருந்தால் பச்சைக்கு வாருங்கள். மிஷின் ஆஃபில் இருக்கும்போது பச்சையில் சில வோல்ட் நிற்கும். பட்டனை அழுத்தினால் அது பூஜ்ஜியத்தை ஒட்டி விழ வேண்டும். அது விழவே இல்லை என்றால் உத்தரவே போகவில்லை, அதாவது பவர் பட்டனோ அதன் வயரோ மதர்போர்டோதான் காரணம், பவர் சப்ளை மேல் பழி போட முடியாது. விழுகிறது, ஆனால் ஃபேன் அசையவில்லை என்றால் உத்தரவு போயும் பவர் சப்ளை கேட்கவில்லை. அது கெட்டிருக்கும், அல்லது ஏதோ ஒரு ஷார்ட்டைக் கண்டு மறுக்கிறது. இரண்டு நிமிட வேலை இது, இதைச் செய்யாமல்தான் பலரும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

மதர்போர்டில் எரியும் சின்ன எல்இடியை மட்டும் நம்ப வேண்டாம். எரிந்தால் ஊதாவில் ஏதோ வருகிறது என்று அர்த்தம், அது 5ஆ 4ஆ என்று அது சொல்லாது. சில போர்டுகளில் மின்சாரம் மிச்சம் பிடிக்கும் அமைப்பை பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் சொந்த அமைப்புப் பக்கம்) போட்டிருந்தால், ஆஃபில் இருக்கும்போது அந்த எல்இடி எரியவே எரியாது.

பட்டன் மேல் சந்தேகம் வந்தால் சோதிப்பது சுலபம். மதர்போர்டின் கீழ் மூலையில் பவர், ரீசெட், எல்இடி வயர்கள் குத்தியிருக்கும் இரட்டை வரிசை பின் இருக்கும். பவர் பட்டனின் வயரைப் பிடுங்கிவிட்டு ரீசெட் பட்டனின் வயரை அந்த இடத்தில் குத்துங்கள். ரீசெட்டை அழுத்தி மிஷின் ஓடினால் உங்களுக்கு வந்த நோய் ஒரு பட்டன் நோய்தான். ஒன்றும் வாங்காமல் ரீசெட்டையே பவர் பட்டனாக வைத்துக்கொண்டு ஓட்டலாம். ஈரக் காற்றில் இந்தப் பட்டன்களின் உள் தகடுகள் களிம்பு பிடிப்பதும், அழுத்தியபடியே ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஒட்டிக்கொண்டால் மிஷின் ஆன் ஆகிச் சில நொடியில் அணைந்துவிடும்.

பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துப் பவர் சப்ளையைத் தனியாக ஓட்டிப் பார்ப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். செய்யலாம். 24 பின் கனெக்டரை மதர்போர்டிலிருந்து கழற்றி, சுவரில் கேபிளைப் பிடுங்கிய பிறகே கிளிப்பைச் செருக வேண்டும், அப்புறம் கரண்ட் கொடுக்க வேண்டும். புது யூனிட்களில் எல்லா வயரும் கறுப்பாகவே வரும், அப்போது பின் படம் பார்க்காமல் குத்தாதீர்கள். இந்தச் சோதனையில் ஃபேன் சுற்றினால் 'எழுந்திருக்கிறது' என்று மட்டும்தான் அர்த்தம், 'சுமை தூக்கும்' என்று இல்லை. வேலையில்லாமல் 12 வோல்ட் காட்டும் யூனிட், பிராசஸரும் டிஸ்க்கும் இழுக்கும்போது 10க்கு விழலாம். 12 வோல்ட் லைன் 11.4க்குக் கீழே போனாலே அது தேர்வில் தோற்றது. இன்னொரு பக்கம், ஓய்வில் ஃபேனைச் சுற்றாத நல்ல யூனிட்களும் உண்டு. ஃபேன் நிற்கிறது என்பதற்காக அவற்றைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். முடிந்தால் நண்பர் கடையிலிருந்து ஓடுகிற பவர் சப்ளை ஒன்றை ஒரு மணி நேரத்துக்குக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் எல்லா வாதத்தையும் முடித்துவிடும்.

நம் ஊரில் அடிக்கடி பார்க்கும் இன்னொரு வகையையும் சொல்ல வேண்டும். தின்ஜான் என்ற பர்மியப் புத்தாண்டு லீவுக்குக் கடையைப் பூட்டி, மெயினையும் அணைத்துவிட்டுப் போகிறோம். திரும்பி வந்தால் மிஷின் எழுவதில்லை, அல்லது நாலைந்து முறை அழுத்தினால்தான் எழுகிறது, ஒருமுறை சூடானால் நாள் முழுக்க ஓடுகிறது. இது பவர் சப்ளைக் கப்பாசிட்டர் காய்ந்துபோனதன் அடையாளம். எப்போதும் கரண்ட் இருந்தவரை அந்தக் கதகதப்பில் சமாளித்துக்கொண்டிருந்தது, நீண்ட நேரம் குளிர்ந்ததும் காட்டிக்கொடுத்துவிட்டது. இப்போது கரண்ட் தினமும் மணிக்கணக்கில் போவதால் தின்ஜான்வரை காத்திருக்கத் தேவையே இல்லாமல் போய்விட்டது. அதேபோல மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரி. மிஷினில் கரண்ட் இருக்கும்வரை அது செலவாகாது, கரண்ட் போன நேரம்தான் அது உழைக்கிறது. இறங்கிவிட்டால் நேரமும் தேதியும் தப்பாகும், சில போர்டுகள் கிளம்பவே மறுக்கும். அதைக் கழற்றி அளந்து, 2.7க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது வகை நோய், அதாவது சுற்றி நிற்பது, பெரும்பாலும் ஷார்ட், ராம், அல்லது பிராசஸருக்கான தனி 12 வோல்ட் கேபிள். பிராசஸருக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 பின் கொண்ட கனெக்டர் ஒன்று உண்டு. யாராவது தூசி தட்டித் திருப்பி மாட்டிய மிஷின் என்றால் முதலில் இதைத்தான் பாருங்கள், மறந்துபோவது அதுதான். பெட்டிக்குள் கழன்று உருண்ட திருகு ஒன்று போர்டுக்கு அடியில் சிக்கியிருந்தாலும் இதே நாடகம். மதர்போர்டு, பிராசஸர், ஒரே ஒரு ராம், இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள், டிஸ்க்குகூட வேண்டாம். ஓடினால் ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

மூன்றாவது வகைக்கு ராம்தான் முதல் சந்தேகம். ராமைக் கழற்றி, தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகள்களை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் 'கிளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். மழைக்காலம் முடிந்ததும் வரும் கறுப்புத் திரைகளில் பாதிக்கு மேல் இதுதான் வைத்தியம் என்பது என் எண்ணம். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் குத்தியிருக்கிறதா, மதர்போர்டிலா என்றும் பாருங்கள். தனிக் கார்டு இருந்தால் கார்டில்தான் குத்த வேண்டும். டிடிஆர்5 என்ற புது வகை ராம் போட்ட மிஷின் என்றால் பேட்டரி கழற்றிய பிறகோ ராம் மாற்றிய பிறகோ முதல்முறை திரை வர சில நிமிடம் ஆகலாம். பதறி அணைத்துவிடாதீர்கள்.

பவர் சப்ளைதான் போயிருக்கிறது என்று முடிவானால், வாங்கும்போது வாட் எண்ணைவிட லேபிளில் 100-240 இருக்கிறதா என்று பாருங்கள். கையில் தூக்கினால் காகிதப் பெட்டி மாதிரி இருப்பதை வாங்காதீர்கள், டைப்பிங்கும் போட்டோவும் செய்கிற கடைக்கு 450 வாட்டில் நல்ல யூனிட் தாராளம். ஒரு எச்சரிக்கை: பழைய யூனிட்டின் கேபிள்கள் யூனிட் பக்கமும் கழற்றி மாட்டும் வகையாக இருந்தால் அந்தக் கேபிள்களைப் புதியதோடு சேர்க்காதீர்கள். கனெக்டர் அச்சாக அப்படியே பொருந்தும், ஆனால் உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 5 வோல்ட் போகிற இடத்தில் 12 போய், இவ்வளவு நேரம் தப்பித்திருந்த டிஸ்க் அன்றுதான் கருகும். உங்கள் கணக்குக்கு உண்மையான ஆபத்து கரண்ட் போய் வந்ததைவிட இதில்தான் அதிகம்.

இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் இன்னொன்று. நல்ல பவர் சப்ளைகள் சில, சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரோடு ஒத்துப்போகாது, லைன் மாறும் நொடியில் அணைந்துவிடும். அப்படி நடந்தால் பவர் சப்ளையைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். சைன் அலை தரும் இன்வெர்ட்டர்தான் அதற்குப் பொருத்தம்.

டிஸ்க்கைத் தனியாகப் படிக்க யூஎஸ்பி உறை ஒன்று போதும். பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் அடாப்டரோடு வரும் உறை வேண்டும், யூஎஸ்பி கரண்ட் மட்டும் அதைச் சுற்றாது. விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்தால் இன்னொரு மிஷினில் மீட்புச் சாவி கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கலாம், போனிலேயே உள்ளே போய்த் தேடிப் பாருங்கள். டிஸ்க்கில் 'டக் டக்' என்று சத்தம் வந்தால் மட்டும் மேற்கொண்டு ஓட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

மிஷின் எழுந்த பிறகு பயாஸுக்குள் போய் ஒரு வேலை செய்யுங்கள். கரண்ட் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் அமைப்பு ஒன்று அங்கே இருக்கும். அதை 'அணைந்தே இருக்கட்டும்' என்று மாற்றுங்கள். தெருவே "மீ லாபியீ" (கரண்ட் வந்துவிட்டது) என்று கூவுகிற அந்த நொடியில்தான் லைன் மிகவும் மோசமாகத் துள்ளுகிறது. தெருவில் உள்ள அத்தனை ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. அந்த நேரத்தில் உங்கள் மிஷின் தானாகக் கிளம்ப வேண்டிய அவசியம் இல்லை. கரண்ட் வந்து சில நிமிடம் கழித்தே வெளியே விடும் சேஃப்கார்டு பெட்டியை ஃபிரிட்ஜுக்கு மட்டும் மாட்டாமல் இதற்கும் மாட்டுங்கள். ராத்திரி கடை பூட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், இடி மழைக் காலத்தில் லேன் கேபிளையும் சேர்த்து. ஸ்டெப்-அப் திருகு வகையாக இருந்தால் அதைத் தானியங்கியாக மாற்றுவது, புது பவர் சப்ளை வாங்குவதற்கு முந்தைய வேலை.

மிஷினின் உலோகப் பெட்டியைத் தொட்டால் சுரீரென்று இழுக்கிறது என்று நீங்கள் கடைசியில் எழுதியிருந்தீர்கள். அது வேறு விஷயம். எர்த் இல்லாத இரண்டு துளைச் சாக்கெட்டில் மாட்டினால், பவர் சப்ளையில் உள்ள இரைச்சல் வடிகட்டி வழியாக லைனின் பாதி வோல்டேஜ் உறையில் வந்து நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சாதாரணமாக ஆபத்தில்லை. ஆனால் டவுன்டவுன் பழைய கட்டிடமோ தாம்வே ஃபிளாட்டோ, எலக்ட்ரீஷியன் வருகிற அன்றே எர்த் வயர் ஒன்றும் இழுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ஊதா, பச்சை அளவுகள் என்ன வந்தன என்று எழுதுங்கள், அதற்குப் பிறகு மதர்போர்டைப் பற்றிப் பேசலாம்.